கல்லுத் தூசியும் கிளினிக் கொப்பியும்

கிராண்ட்பாஸிலிருந்து 37 வயது வாசகர் ஒருவர் நாலு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரையும் வேலைத்தலத்தையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து 18 வயதில் கொழும்புக்கு வந்தவர். முதல் பத்து வருடம் ஒரு மேசன் பாஸுக்குக் கீழே வேலை. வயரும் பைப்பும் போடுவதற்குச் சுவரைக் கிரைண்டரால் வெட்டிக் காடி எடுப்பார், டைல் வெட்டுவார். கடைசி ஒன்பது வருடமாக வத்தளைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் பென்ட்ரி டொப், அதாவது சமையலறை மேடைக்குப் போடும் கல் பலகை, வெட்டுகிறார். முன்பு கருங்கல், இப்போது பெரும்பாலும் கடையில் ‘குவார்ட்ஸ்’ என்று விற்கிற செயற்கைக் கல் பலகை. எட்டு மாதமாக வறட்டு இருமல். ஐந்தாம் மாடி வீட்டுக்கு முன்பு ஒரே மூச்சில் ஏறியவர், இப்போது இரண்டாம் மாடியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முட்டு (ஆஸ்துமா) என்று சொல்லி மருந்தை உள்ளே இழுக்கிற பம்ப் கொடுத்தார்கள், குறையவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் மேல்பகுதியில் சின்னச் சின்னப் புள்ளிகள். சளியை இரண்டு தரம் சோதித்தும் டிபி கிருமி அகப்படவில்லை. சீ.டீ. ஸ்கேனுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள்.

“சீமெந்துதான் கூடாது, கல் சுத்தமான சாமான். பாலும் வெல்லமும் சாப்பிடு, தூசி இறங்கிவிடும்” என்கிறாராம் முதலாளி. இவர் கேட்பது இவ்வளவுதான்: இது டிபியா, பிள்ளைகளுக்குத் தொற்றுமா? மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை செய்தால் போதாதா? வேலையை விட்டால் நெஞ்சு சுத்தமாகுமா? நியமனக் கடிதமும் இல்லை, ஈ.பி.எஃப்.பும் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை, நாட்சம்பளம். எனக்கு ஏதாவது உரிமை உண்டா? கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் இன்னொரு வரி: ‘மனைவியின் தம்பி, 21 வயது, ஆறு மாதமாக என்னோடுதான் வேலை.’

தம்பி, நீங்கள் படமெடுத்து அனுப்பிய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘தொழில்’ என்ற இடத்தில் ‘கூலி’ என்று மட்டும் இருக்கிறது. எட்டு மாதம் முட்டு மருந்தோடு போனதற்கு அந்த ஒரு சொல்லும் ஒரு காரணம். குற்றம் உங்களுடையதல்ல. வெளியே ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது, ‘என்ன வேலை?’ என்று கேட்டு, வருகிற பதிலை அப்படியே எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது வைத்தியர்களான எங்கள் பழக்கம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன?’ என்பதையும் கேள் என்று இத்தாலிய வைத்தியர் ராமசினி 1700ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். கல் வெட்டுபவர்களுக்கு வரும் மூச்சு நோயைப் பற்றியும் எழுதியவர் அவர். நாங்கள் இன்னும் ‘கூலி’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட முடியாது. ஆனால் 19 வருடம் கல்லையும் கொங்கிரீட்டையும் உலர வெட்டிய ஒருவருக்கு, எக்ஸ்ரேயின் மேல்பகுதியில் இரண்டு பக்கமும் புள்ளிகள் இருந்தால், முதலில் நினைக்க வேண்டியவற்றில் ஒன்று சிலிக்கோசிஸ். கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கா என்ற கனிமத்தின் தூசி நுரையீரலில் தங்கி, தங்கிய இடத்தைத் தழும்பாக்குகிற வருத்தம் அது. சீ.டீ. எடுக்கிற இடத்திலும், படத்தைப் பார்க்கிற வைத்தியரிடமும் உங்கள் வேலையை விவரமாகச் சொன்னால்தான் அந்த எண்ணமே அவர்களுக்கு வரும். சொல்லாவிட்டால் அதே புள்ளிகளை வேறு நாலு நோய்களாகவும் வாசிக்கலாம்.

சுத்தமான கல்லா?

முதலாளி சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதிதான் ஆபத்து. பையிலிருக்கும் சீமெந்துத் தூள் தோலை அரிக்கும், கண்ணை எரிக்கும். ஆனால் நெஞ்சைக் கெடுக்கிற படிகச் சிலிக்கா அதில் மிகக் குறைவு. அதே சீமெந்தோடு மணலும் கருங்கல்லும் சேர்ந்து கொங்கிரீட்டாக இறுகிய பிறகு கதை வேறு. மணல் என்பதே பெரும்பாலும் சிலிக்காதான். கொங்கிரீட்டிலும் சாந்திலும் 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கலாம். டைலில் 30 முதல் 45, கருங்கல்லில் 20 முதல் 45. மாபிளில் மட்டும் 2 சதவீதத்துக்குள். நீங்கள் இப்போது வெட்டுகிற செயற்கைக் கல் பலகையோ, அரைத்த குவார்ட்ஸைப் பிசினோடு சேர்த்து இறுக்கியது. அதில் 90 சதவீதத்தைத் தாண்டியும் இருக்கும். ஆக, சுவரிலிருந்து கல்லுக்கு மாறியபோது நீங்கள் சுத்தமான வேலைக்கு வரவில்லை. சிலிக்கா கூடிய வேலைக்கு வந்திருக்கிறீர்கள்.

அந்தப் பலகையை வெட்டிய இளம் வேலையாட்கள் பத்து வருடம்கூட ஆகாமல் நோயாளிகளானதைப் பார்த்துத்தான் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது. தண்ணீர் விட்டு வெட்டு, மாஸ்க் போடு என்று விதி போட்டுப் பார்த்தும் சரிவராமல்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள்.

இது பென்ட்ரி டொப் வெட்டுகிறவர்களின் வருத்தம் மட்டுமல்ல. தொழிலின் பெயர் எதுவாகவும் இருக்கலாம், கல்லோ மணலோ தூளாகிற இடமெல்லாம் ஒன்றுதான். குவாரியில் துளை போடுகிறவர், கிறஷரில் நிற்கிறவர், தண்ணீர்க் குழாய்க்கு வீதியை வெட்டுகிறவர், வார்ப்பு வேலையில் மணல் அச்சை உடைக்கிறவர், மட்பாண்டத் தொழிற்சாலையில் உலர்ந்த களியைச் சுரண்டுகிறவர், இரும்புத் துருவை மணல் வீசி எடுக்கிறவர் எல்லாரும் இதில் அடக்கம். ஜீன்ஸுக்குப் பழசு போன்ற தோற்றம் கொடுக்க மணல் வீசிய பையன்கள் துருக்கியில் இதே வருத்தத்தில் இறந்தார்கள். 2009இல் அங்கே அந்த முறை தடை செய்யப்பட்டது. பல் கட்டும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற, வெள்ளைக் கோட்டுப் போட்டவருக்கும் வரலாம். உங்கள் அப்பா லயத்தில் மற்றவர்களுக்கு அம்மி கொத்திக் கொடுப்பார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தூளிலும் சிலிக்கா உண்டு. எப்போதாவது ஒரு நாள், திறந்த வெளியில், உளியால் கொத்துவதற்கும், தகரக் கொட்டகைக்குள் மூன்று கிரைண்டர் ஒரே நேரத்தில் சுற்றுவதற்கும் இடையில்தான் வித்தியாசம்.

பால் போகிற வழி வேறு

வேலை முடிந்து போனால் இமையெல்லாம் வெள்ளையாக இருக்குமென்றும், ‘அப்பா மா பூசியிருக்கிறார்’ என்று சின்ன மகள் சிரிப்பாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இமையில் ஒட்டுகிற தூசி கண்ணுக்குத் தெரிகிற தூசி. அதில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டைச் சளியும் பிடித்து வெளியே தள்ளிவிடும். நெஞ்சின் அடிவரை இறங்குகிற துகள் மயிரிழையின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கும் இல்லாதது, தனியாக மிதந்தால் கண்ணுக்கே தெரியாது. கிரைண்டரை நிறுத்தி வெகுநேரம் கழித்தும் காற்றில் நிற்கும். நீங்கள் கொட்டகைக்குள்ளேயே சோத்துப் பார்சலைப் பிரிக்கிற நேரத்தில்தான் அதை நிதானமாக இழுக்கிறீர்கள். அமெரிக்காவில் 2016இல் போட்ட விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கிற அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். ஒரு கிராமை இருபதாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்து ‘இன்று தூசி குறைவு’ என்று சொல்லக்கூடிய கணக்கல்ல அது.

பாலும் வெல்லமும் இரைப்பைக்குப் போகின்றன, தூசி போனது நுரையீரலுக்கு. இரண்டும் சந்திப்பதே இல்லை. பால் குடியுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் அது தூசியைக் கழுவாது. நுரையீரலின் கடைசி அறைகளில் துப்புரவு செய்வதற்கென்றே உயிரணுக்கள் உண்டு. அவை சிலிக்காத் துகளை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாமல் செத்துப்போகும். துகள் திரும்ப வெளியே வரும், அடுத்த உயிரணு வந்து விழுங்கும், அதுவும் சாகும். ஒவ்வொரு தரமும் சுற்றியுள்ள இடம் புண்பட்டுத் தழும்பாகும். வேலையை விட்டால் நெஞ்சு சுத்தமாகுமா என்ற கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. தழும்பு மறையாது. வேலையை விட்ட பிறகும் சிலருக்கு வருத்தம் மெதுவாகக் கூடலாம், அதைத் திருப்புகிற மருந்தும் இல்லை. இதை உங்களிடம் மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் மேலும் மேலும் தூசி போனால் அது வேகமாக ஓடும், அந்தத் தூசியை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது.

மாஸ்க்கைப் பற்றி. துணி மாஸ்க்கும் நீல நிற ஆஸ்பத்திரி மாஸ்க்கும் இந்தத் தூசிக்கு உதவாது, விளிம்பால் அப்படியே நுழையும். என்95 முகத்தில் காற்றுப் புகாமல் ஒட்டினால், உள்ளே போகிற தூசியைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் என்பதுதான் கணக்கு. தாடி இருந்தால் அந்தக் கணக்கும் இல்லை. குவார்ட்ஸ் பலகையை உலர வெட்டும்போது எழும்புகிற தூசி, பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் அளவைத் தாண்டிவிடும். முதலில் தூசி எழும்பாமல் பார்க்க வேண்டும்: வெட்டுகிற இடத்திலேயே தண்ணீர் விழ வேண்டும், கிரைண்டரில் மூடியும் உறிஞ்சும் குழாயும் இருக்க வேண்டும். சாதாரண மின்சாரக் கிரைண்டருக்கு ஹோஸ் பைப்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெட்டாதீர்கள், ஷொக் அடித்து இறந்துபோகலாம். அதற்கென்று செய்த கருவிகள் உண்டு. தண்ணீரில் கரைந்த கல் மாவையும் அப்படியே விடக்கூடாது, காய்ந்தால் மறுநாள் மறுபடி தூசிதான். பின்னேரம் கொம்பிரசர் காற்றால் உடுப்பை ஊதிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு நாளிலேயே மூக்குக்கு மிக நெருக்கமாகத் தூசி கிளம்புகிற நேரம் அதுதான்.

டிபியா, தொற்றுமா?

சிலிக்கோசிஸ் தொற்றாது. பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்கலாம், ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடிக்கலாம். வீட்டுக்குப் போவது உடுப்பிலுள்ள தூசி மட்டுமே. வேலை உடுப்பை வேலைத்தலத்திலேயே மாற்றி ஒரு பையில் கட்டிக்கொண்டு போங்கள். மனைவி அதை உதறக்கூடாது. முதலில் தண்ணீரில் அமிழ்த்திவிட்டுத் தனியாகத் துவைக்கட்டும்.

ஆனால் ‘கல்லுத் தூசி என்றால் டிபி இல்லை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சிலிக்கா படிந்த நெஞ்சில் டிபி வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். சளி இரண்டு தரம் சுத்தமாக வந்தது நல்ல செய்தி, ஆனால் கடைசிச் செய்தி அல்ல. காய்ச்சல், இரவில் வேர்வை, மெலிவு, சளியில் இரத்தம் என்று எது வந்தாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் போங்கள். கொழும்பு 10இல் உள்ள மத்திய மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் உங்களுக்குக் கிட்ட. பெரிய பரிசோதனைக்கு வெலிசறை சுவாச நோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால் தயங்காதீர்கள், வத்தளையிலிருந்து அதுவும் தூரமில்லை. டிபி மருந்து இலவசம். அது உறுதியானால் பிள்ளைகளையும் சோதிப்பார்கள், அப்போது பயப்பட வேண்டாம்.

சீ.டீ.யோடு ஊதிப் பார்க்கிற பரிசோதனையும் வேண்டும் என்று கேளுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் விடுங்கள். தொழிலிடத்துச் சிலிக்காவைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இலேயே வகைப்படுத்திவிட்டது. அதோடு புகையும் சேரக்கூடாது. விரல் மூட்டு வீங்கினாலும், கால் வீங்கினாலும் சொல்லுங்கள். இந்தத் தூசி மூட்டையும் சிறுநீரகத்தையும்கூடத் தொடும்.

வேலையை விடுவதா?

சீ.டீ. முடிவு வருகிறவரை கிரைண்டரைத் தொடாதீர்கள். நாட்சம்பளக்காரனிடம் இதைச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அளவெடுப்பது, அச்சுப் பலகை வெட்டுவது, லொறியில் போய்ப் பொருத்துவது என்று கைவசம் வேறு வேலையும் உங்களுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு முதலாளியிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது ‘சட்டம்’ என்று ஆரம்பிக்காமல் ‘எக்ஸ்ரே’ என்று ஆரம்பியுங்கள். ஆனால் பொருத்தப் போகிற இடத்தில் ‘ஒரு சின்ன வெட்டுத்தானே’ என்பார்கள், அதற்கு உடன்படாதீர்கள். சிலிக்கோசிஸ் என்று உறுதியானால் என் கருத்து ஒன்றுதான்: தூசி உள்ள எந்த வேலையும் வேண்டாம், தண்ணீர் விட்டு வெட்டுவதும் வேண்டாம். ஓட்டோ ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். மூச்சு இடம்கொடுத்தால் ஓட்டலாம்.

கடிதம் இல்லாதவருக்கு உரிமை

நான் வைத்தியன், சட்டத்தரணி அல்ல. ஆனாலும் இந்த மேசைக்கு எதிரே இருந்தவர்களிடமிருந்து சிலதைக் கற்றிருக்கிறேன். நியமனக் கடிதம் இல்லாவிட்டால் நீங்கள் வேலையாள் இல்லை என்று ஆகிவிடாது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஈ.பி.எஃப். சட்டம் நாட்சம்பளக்காரரையும் சேர்த்துத்தான். முதலாளி 12 சதவீதமும் நீங்கள் 8 சதவீதமும், அப்புறம் ஈ.டி.எஃப்.புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளி 3 சதவீதமும் கட்ட வேண்டும். கட்டவில்லை என்றால் பிரதேசத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு ஆதாரம்தான் முக்கியம். சம்பளம் வங்கிக் கணக்குக்கு வந்திருந்தால் அந்த வங்கிப் புத்தகத்தின் பக்கம், ‘நாளைக்கு எட்டு மணிக்கு வா’ என்ற வாட்ஸ்அப் செய்தி, கொட்டகையில் எடுத்த படம், பழைய மேசன் பாஸின் வாக்குமூலம் என எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில் சேருங்கள். போன் தொலைந்தால் ஆதாரமும் போய்விடும்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கை வெட்டுப்பட்டால் மட்டும் உதவுகிற சட்டம் என்றே பலர் நினைக்கிறார்கள். தொழிலால் வரும் வருத்தங்களுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் வருத்தம் தொழிலால் வந்தது என்பதற்கு வைத்தியரின் எழுத்து வேண்டும். மறுபடி அந்தக் கொப்பிதான். அதில் ‘கூலி’ என்று இருக்கிறவரை நட்டஈட்டு ஆணையாளருக்கு முன்னால் உங்கள் வழக்கு நொண்டும். சீ.டீ. முடிவு வந்ததும் நாள் கடத்தாமல் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போய்க் கேளுங்கள்.

அபாயத்தையும் சொல்ல வேண்டும். ஆறு பேர் வேலை செய்கிற கொட்டகை உங்களுடையது. அனுமதியில்லாமல் வேலைநீக்கம் செய்வதைத் தடுக்கிற 1971ஆம் ஆண்டுச் சட்டம், 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்கு இல்லை. அதனால் முறையிட்டால் வேலை போகலாம் என்ற உங்கள் பயம் வெறும் பயமல்ல. அநியாயமாக நிறுத்தினால் தொழில் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். சண்டை பிடிக்க வேண்டுமா, சமாதானமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வர வேண்டுமா என்பதை நீங்களும் மனைவியும் இருந்து பேசி முடிவெடுங்கள். எதுவானாலும், ‘இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற கடதாசியில் சட்டத்தரணி ஒருவர் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி, நீங்கள் ஓரத்தில் எழுதிய அந்த வரி. எனக்கு உங்களைவிட உங்கள் மச்சினனைப் பற்றித்தான் அவசரம். அவருக்கு இருமல் இல்லை, எக்ஸ்ரேயும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அதனால்தான் அவரை யாரும் சோதனைக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் கொழும்புக்கு வந்தவுடனேயே குவார்ட்ஸ் பலகையில் கை வைத்திருக்கிறார். உங்களுக்குச் சுவர் வெட்டிய பத்து வருடம் முதலில் போனது, அவருக்கு அந்தத் தவணையும் இல்லை.

சீ.டீ.க்குப் போகிற நாளுக்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள்: எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை, என்ன வெட்டினீர்கள், உலரவா தண்ணீர் விட்டா, நாளைக்கு எத்தனை மணி நேரம், மூடிய கொட்டகையா வெளியா. ஒரு பக்கம் போதும். அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஸ்டேப்பிள் பண்ணுங்கள், வைத்தியர் புரட்டினால் அதுதான் முதலில் தெரிய வேண்டும். மச்சினனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குப் புதுக் கொப்பி திறக்கும்போது மிஸ் ‘என்ன வேலை?’ என்று கேட்பார். ‘குவார்ட்ஸ் கல் வெட்டுகிறேன், தண்ணீர் இல்லாமல்’ என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அப்படியே எழுதுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.